அக்கா இருக்கும்போது

கொஞ்சம் நகந்து உக்காருங்கம்மா. அந்தத் திராட்சைக் கூடைய மடியில வச்சுக்கிட்டீங்கன்னா நான் இந்தப் பைய கீழ வச்சுருவேன். ஆமா, கனந்தான். உள்ள ரெண்டு பந்து, ஒரு மருந்துப் பெட்டி, பன்னெண்டு புள்ளைக போட்டுக் கழட்டுன பனியன். நாத்தம் அடிச்சா மன்னிச்சுக்கங்க. இதெல்லாம் காலேஜ் வேன்ல போகவேண்டிய சாமான். நானும் வேன்லதான் போகணும். கோவத்துல பையத் தூக்கிக்கிட்டு எறங்கி விறுவிறுன்னு நடந்து வந்து இந்த பஸ்ல ஏறிட்டேன். ஏறுன பெறகுதான் கையில பை இருக்குறதே தெரியுது.

என்ன கோவம்னு நீங்க கேக்கல. கேக்காட்டியும் நான் சொல்லத்தான் போறேன். சொல்லாட்டி உசிலம்பட்டி வர்றதுக்குள்ள எனக்கு நெஞ்சு வெடிச்சுரும். நீங்க எங்க எறங்கணும்? கல்லுப்பட்டியா? அப்பச் சரி, நேரம் இருக்கு.

என் பேரு வீரலட்சுமி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு பொம்பளப்புள்ளைக காலேஜ்ல பி.டி. மேடம். முப்பத்துமூணு வருஷ சர்வீஸ். வர்ற மே மாசம் ரிட்டயர்டு. இந்த முப்பத்துமூணு வருஷத்துல பேஸ்கட்பால்ல காலேஜுகளுக்குள்ள நடக்குற போட்டியில ஆறு தடவ ஃபைனல் வந்து, ஆறு தடவையும் தோத்தோம். இன்னைக்குக் காலைல தேனியில வச்சு ஏழாவது தடவ. ஒரு பாயிண்ட்ல. ஒரே ஒரு பாயிண்ட்லம்மா!

எங்க பிரின்சிபல் ரூம் வாசல்ல ஒரு கண்ணாடி பீரோ இருக்கு. கோகோ கப்பு, வாலிபால் கப்பு, எறிபந்துக் கப்பு எல்லாம் அடுக்கி வச்சிருக்கோம். நடுத்தட்டு மட்டும் காலி. நாந்தான் காலியாப் போட்டு வச்சிருக்கேன், பேஸ்கட்பால் கப்பு வரட்டும்னு. ஒரு தடவ காலேஜ் ஆயா, எடம் சும்மாதான கெடக்குன்னு ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியத் தூக்கி அதுல வச்சிருச்சு. அன்னைக்கு நான் போட்ட சத்தத்துல ஆபீஸ்ல டைப் அடிக்கிறதக்கூட நிறுத்திட்டாங்க. இனிமே அதுல பூச்சாடிதான் வரும். நான் போற அன்னைக்கே வந்துரும்.

உங்களுக்கு இந்த ஆட்டம் தெரியுமா? டிவியில பாத்திருக்கீங்களா? சரி, லேசாச் சொல்லிர்றேன், இல்லாட்டி என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியாது. அஞ்சு பேர் ஆடணும். ரிங்குக்கு அடியில நிக்கிற ஒசரமானவ போஸ்ட். பந்தத் தட்டிக்கிட்டே மேல கொண்டுவர்றவளுக கார்டு. கார்டுக்கு என்ன வேலை? பந்தக் கொண்டு வரணும், பாஸ் குடுக்கணும், தனக்கு எடம் கெடச்சா தானே ரிங்ல போடணும். அவ்வளவுதான். எங்க கார்டு ரெண்டு பேருக்கும் முதல் ரெண்டு வேலை தேன் மாதிரி வரும். மூணாவது வேலை வராது. ஜென்மத்துக்கும் வராது.

எங்க போஸ்ட் பேரு எப்சிபா. சாத்தூர்ப் புள்ள, மூணாவது வருஷம். அஞ்சடி பதினோரு அங்குலம். பந்து அவ கைக்குப் போயிருச்சுன்னா பாதிப் பாயிண்ட் வந்த மாதிரி. கார்டு ஒருத்தி நஸ்ரின், ரெண்டாவது வருஷம். இன்னொருத்தி யோகலட்சுமி, முதல் வருஷம். யோகா யோகாம்போம். இந்த யோகா பந்தத் தட்டிக்கிட்டு ஓடுறதப் பாக்கணும் நீங்க. ரெண்டு பேரு மறிச்சாலும் நடுவுல புகுந்து வந்துருவா. வந்து? ரிங்குக்கு முன்னால வந்து நின்னுருவாம்மா! நின்னு, திரும்பி, எப்சிபா எங்கன்னு தேடுவா. எப்சிபா மேல மூணு பேரு தொங்கிக்கிட்டு இருப்பாளுக. இவ பக்கத்துல ஒரு ஈ காக்கா இருக்காது. அப்பவும் எப்சிபாவுக்குத்தான் குடுப்பா. நஸ்ரினும் அப்படித்தான். ஒரு சீசன் பூராம், ஜூலையில இருந்து இந்த நவம்பர் வரைக்கும், எங்க கார்டு ரெண்டு பேரும் சேந்து போட்ட பாயிண்ட் எத்தனைன்னு நெனைக்கிறீங்க? பதினொண்ணு. அதுல மூணு சும்மா குடுக்குற ஃப்ரீ த்ரோ.

இது நமக்கு மட்டும் தெரிஞ்சாப் பரவாயில்ல. ஊரு பூராம் தெரிஞ்சுபோச்சு. எதிர் டீம் கோச் வெளிய நின்னுக்கிட்டு எங்க காதுபடவே கத்துறான், "கார்ட விட்ருங்கடி! அவளுக போடமாட்டாளுக! அஞ்சு பேரும் அந்த ஒசரத்தப் பிடிங்க!"ன்னு. என் காதுல ஈயத்தக் காச்சி ஊத்துன மாதிரி இருந்துச்சு. முப்பத்துமூணு வருஷ சர்வீஸ், என்னையப் பாத்து நேத்துப் பொறந்த பய சொல்றான்.

நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. பாக்காத வைத்தியம் இல்ல. தெம்பு இல்லையோன்னு ரெண்டு பேருக்கும் ஹாஸ்டல்ல தெனம் ரெண்டு முட்டை கூடுதலாப் போடச் சொன்னேன். நஸ்ரினுக்குக் கண்ணுல கோளாறோன்னு மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி சோதிச்சேன். டாக்டரு, கண்ணு பிரமாதமா இருக்கு, எதுக்கு வந்தீங்கன்னு கேட்டாரு. ரிங்ல பந்து போடமாட்டேங்குறா டாக்டர்னேன். அந்த மனுசன் என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாரு. யோகாவுக்குப் பயந்த கோளாறுன்னு பள்ளிவாசல்ல ஓதவச்சு, மாரியம்மன் கோயில்ல கயிறும் கட்டிவிட்டேன். கையில கயிறு கட்டிக்கிட்டு ஆடக்கூடாதுன்னு ரெஃப்ரி அத அத்துப் போட்டுட்டாரு.

ஒழுக்கம் சரியில்லையோங்குறீங்களா? அதுல மட்டும் என் புள்ளைகள ஒரு வார்த்தை சொல்லமுடியாது. எந்தக் காலேஜ் கிரவுண்டுக்கும் போயிப் பாருங்க, எங்க மாதிரி ஒழுக்கம் கெடையாது. காலைல அஞ்சரைக்கு ஜூனியர் வந்து கோர்ட்டக் கூட்டி வச்சிரணும். ஆறு மணிக்கு சீனியர் வருவாளுக. ஜூனியர் எந்திரிச்சு நின்னு "குட்மார்னிங்க்கா" சொல்லணும். தண்ணி வந்தா முதல்ல சீனியருக்கு. டீ வந்தா முதல்ல சீனியருக்கு. பேர் சொல்லிக் கூப்பிட்டா அன்னைக்குக் கிரவுண்ட ரெண்டு சுத்து கூடுதலா ஓடணும். பந்தக் கையில குடுக்கும்போதுகூட ரெண்டு கையாலயும் குடுக்கணும். வந்து பாத்த விருந்தாளிகள்லாம் அசந்துபோவாங்க. வீராம்மா புள்ளைகளக் கட்டிக்குடுத்தா மாமியா வீட்டுல ஒரு சொல்லு வராதும்பாங்க.

பயிற்சியா? தெனம் உண்டு. ஆறுல இருந்து ஏழு வரைக்கும் சீனியர் ரிங்ல போட்டுப் பழகுவாளுக, ஜூனியர் அடியில நின்னு பந்து பொறுக்கிக் குடுக்கணும். ஏழு மணிக்கு மேல ஜூனியர் போடலாம். ஏழேகாலுக்கு டிபன் மணி அடிச்சிரும். என்ன, கால் மணி நேரந்தானாவா? கால் மணி நேரம் பத்தாதாம்மா? மனசு இருந்தா அஞ்சு நிமிஷம் போதும்.

இன்னொரு வழக்கம் உண்டு, அது நானே கொண்டுவந்தது. மேட்ச்ல ஜூனியர் தானாப் போட்டு அது விழலன்னு வைங்க. சீனியருக்குக் கெடைக்க வேண்டிய பந்து வீணாப் போச்சுல்ல? அதனால ஆட்டம் முடிஞ்சதும் ஒவ்வொரு சீனியர்கிட்டயும் போயி, கையக் கட்டிக்கிட்டு "ஸாரிக்கா" சொல்லணும். சீனியர் போட்டு விழலன்னாவா? சீனியர் யாருகிட்டம்மா ஸாரி சொல்லுவா? நல்லாக் கேட்டீங்க போங்க.

இது எனக்கு என் மேடம் சொல்லிக்குடுத்தது. நானும் கார்டுதான் ஆடுனேன், தெரியுமா? எண்பத்தேழுல ஃபைனல். நான் ரெண்டாவது வருஷம். எங்க சீனியர் கஸ்தூரி அக்கா, அந்தக் காலத்துல அவுங்க பேரச் சொன்னாலே எதிர் டீமுக்குக் கால் ஆடும். கடைசி நிமிஷம், ஒரு பாயிண்ட் பின்னால இருக்கோம். நான் பந்தத் தட்டிக்கிட்டு வந்துட்டேன். எனக்கு முன்னால ஒருத்தி இல்ல. ரிங் தொறந்து கெடக்கு. அந்த நேரத்துலயும் நான் மரியாதைய விட்டேனா? நின்னு, கஸ்தூரி அக்கா எங்க இருக்காங்கன்னு தேடி, அவுங்க கைக்குக் குடுத்தேன். அவுங்கள ரெண்டு பேரு அமுக்கிட்டாளுக, தோத்தோம். அது வேற. ஆனா எங்க மேடம் அத்தனை பேரு முன்னாலயும் சொன்னாங்க, "புள்ளைன்னா வீரா மாதிரி இருக்கணும், அந்த நேரத்துலயும் அக்காவ நெனச்சா பாருங்கடி"ன்னு. அத இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு உடம்பு சிலுக்கும்.

ஏம்பா கண்டக்டர், அந்த மேக்கால ஜன்னல் அடைக்கமாட்டேங்குதுப்பா, மூஞ்சியில வெயிலு. என்னமோ போங்க.

நம்மள ஜெயிச்ச டீம் இருக்கே, தேனிப் பக்கத்துக் காலேஜ், அங்க ஒழுக்கம்னா கிலோ என்ன வெலைன்னு கேப்பாளுக. முதல் வருஷத்துப் புள்ள ஒண்ணு, நண்டு மாதிரி இருக்கு, மூணாவது வருஷத்துக்காரியப் பாத்து "ஏய் சோஃபி! எருமை! இங்க போடுடீ!"ன்னு கோர்ட்டே அதிர்ற மாதிரி கத்துது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அந்த சோஃபி அது கன்னத்துல ரெண்டு வைக்கவேண்டாமா? வைக்கல. பந்தக் குடுத்துட்டா! நண்டு வாங்கி டக்குனு போட்டுச்சு. விழலை. விழலன்னதும் சோஃபி ஓடிவந்து அதும் முதுகுல தட்டி, "விடு விடு, திரும்பப் போடு"ங்குறா. தப்புப் பண்ணுன புள்ளையத் தட்டிக் குடுக்குற காலேஜ அங்கதான் பாத்தேன். திரும்பப் போட்டுச்சு. அது விழுந்துருச்சு, வைங்க. அந்த நண்டு மட்டும் இன்னைக்குப் பதினேழு பாயிண்ட்.

உசிலம்பட்டி வந்துருச்சா? முறுக்கு வேணுமா? எனக்கு வேண்டாம், எறங்காது. நீங்க சாப்பிடுங்க.

சொல்ல வந்தத விட்டுட்டேன். யோகாவுக்குப் போடத் தெரியாதுன்னுதான நீங்க இப்ப நெனைக்கிறீங்க? நானும் அப்படித்தான் நெனச்சேன். போன மாசம் ஆயுத பூஜை லீவுல ராஜபாளையத்துல ஒரு தெருக் கிளப்புக்காரங்க டோர்னமென்ட் போட்டாங்க. என்னைய விருந்தாளியாக் கூப்பிட்டு சேர் போட்டு உக்காரவச்சு கலர் சோடா எல்லாம் குடுத்தாங்க. பாத்தா, ஒரு தெரு டீம்ல நம்ம யோகா! அவ சொந்தத் தெருவாம். கூட ஆடுறதெல்லாம் எட்டாவது, ஒம்பதாவது படிக்கிற சிறுசுக. இவதான் அதுல மூத்தவ. "யோகாக்கா, யோகாக்கா"ன்னு அதுக பந்த இவ கையிலயே கொண்டாந்து குடுக்குதுக. இவ போடுறா. அங்க இருந்து போடுறா, இங்க இருந்து போடுறா, நடுக் கோர்ட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுப் போடுறா. விழுந்துக்கிட்டே இருக்கு. ஒரே மேட்ச்ல இருபத்தெட்டு பாயிண்ட்! நான் குடிச்ச கலரு தொண்டையிலயே நின்னுருச்சு.

மேட்ச் முடிஞ்சதும் கூப்பிட்டேன். என்னையப் பாத்ததும் அவளுக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. "ஏண்டி, இங்க இந்தப் போடு போடுற, அங்க ஏண்டி போடமாட்டேங்குற?"ன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டே சொல்றா, "இங்க அக்கா யாரும் இல்ல மேடம்."

பாத்தீங்களா, என்ன பணிவு! அந்தத் தெருக் கிரவுண்டுல நின்னுக்கிட்டும் அக்காமாரத்தான் நெனைக்கிறா. அதுல ஒரு குறை சொல்லமுடியாது. ஆனா நான் கேட்ட கேள்விக்கு அது பதிலாம்மா? நான் என்ன கேட்டேன், அவ என்ன சொல்றா? இப்படித்தான் ஒவ்வொரு தடவையும். நேராக் கேட்டா நேரா ஒரு பதில் வராது.

சரின்னு நானும் எறங்கி வந்தேன். செமி ஃபைனலுக்கு முன்னால அவளத் தனியாக் கூப்பிட்டு, "இந்தா பாரு, எடம் கெடச்சா நீ போடணும். இது என் ஆர்டர்"னு சொல்லிட்டேன். "சரிங்க மேடம்"ன்னா. போட்டா. ரெண்டு தடவ போட்டா. ரெண்டும் இரும்புல பட்டு வெளிய வந்துருச்சு. அந்த மேட்ச எப்சிபா தனி ஆளா நின்னு ஜெயிச்சுக் குடுத்தா. முடிஞ்சதும் வழக்கப்படி போயி ஸாரி சொல்லச் சொன்னேன். போடச் சொன்னது நாந்தான், இல்லன்னு சொல்லல. அதுக்காக வழக்கத்த விடமுடியுமா? இன்னைக்கு யோகாவுக்கு விட்டா நாளைக்கு நஸ்ரின் கேப்பா. மூணு சீனியருக்கும் முன்னால கையக் கட்டிக்கிட்டு நின்னு சொன்னா.

இன்னைக்குக் காலைல ஃபைனல். பத்து மணிக்கு ஆரம்பம். தலைமை விருந்தினர் யாருன்னு நெனைக்கிறீங்க? கஸ்தூரி அக்கா! பேங்க்ல பெரிய ஆபீசரா இருந்து முன்கூட்டியே ரிட்டயர்டு வாங்கிக்கிட்டு தேனியிலயே வீடு கட்டிட்டாங்களாம். முடியெல்லாம் பஞ்சா வெளுத்துப்போச்சு. எனக்கு அடையாளம் தெரிஞ்ச உடனே எந்திரிச்சு நின்னுட்டேன். எனக்கே அம்பத்தேழு வயசு, முட்டி வலி. ஆனா கால் தானா எந்திரிக்குது. அக்கான்னா அக்காதான.

ஆட்டம் கடைசி வரைக்கும் இழுத்துக்கிட்டே போச்சு. எப்சிபாவ அஞ்சு பேரும் போட்டுப் பிழியிறாளுக. அந்தப் புள்ளைக்கு உதடு கிழிஞ்சு ரத்தம். அப்பவும் முப்பத்தோரு பாயிண்ட் போட்டா. அம்பத்தொண்ணு அம்பதுன்னு ஒரு பாயிண்ட் பின்னால இருக்கோம். எட்டு செகண்ட் இருக்கு. டைம் அவுட் எடுத்து நான் யோகா தோளப் பிடிச்சுச் சொன்னேன், "உன்ன எவளும் பிடிக்கமாட்டா. நேரா ஓடு. போடு." எல்லாரும் கேட்டாளுக. எப்சிபாவும், "போடு யோகா"ன்னா. வேற என்னம்மா ஒரு மனுசி செய்யமுடியும்?

விசில் அடிச்சதும் யோகா ஓடுனா. நான் சொன்ன மாதிரியே ஒருத்தியும் அவளப் பிடிக்கல. நேரா ரிங்குக்கு அடியில போயிட்டா. அடியிலன்னா அடியிலம்மா! கையத் தூக்கிப் பந்தக் கழட்டிவிட்டா விழுந்துரும். மூணு செகண்ட் இருக்கு. ஊரே எந்திரிச்சு நிக்குது. இவ நிக்கிறா. திரும்புறா. எப்சிபா பின்னால நடுக்கோர்ட்டுப் பக்கம் கீழ விழுந்து, எந்திரிச்சுக்கிட்டு இருக்கா. தரையில முட்டி போட்டு எந்திரிச்சுக்கிட்டு இருக்குறவளுக்கு, ரெண்டு கையாலயும், பதனமா, பாஸ் குடுக்குறா! எப்சிபா பந்தப் பிடிக்கிறதுக்கும் ஹாரன் அடிக்கிறதுக்கும் சரியா இருந்துச்சு. முடிஞ்சுபோச்சு. என் நடுத்தட்டு முடிஞ்சுபோச்சு.

நான் அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டேன். யோகா நேரா எப்சிபாகிட்ட போயி கையக் கட்டிக்கிட்டு, "ஸாரிக்கா"ங்குறா. எப்சிபாவுக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "எதுக்குடி எங்கிட்ட ஸாரி? ரிங்குக்கு அடியில நின்ன, போட்டுத் தொலைக்க வேண்டியதுதானடி!"ன்னு அழுதுகிட்டே கத்துறா. அதுக்கு இவ சொல்றா, "நீங்க இருக்கும்போது நான் எப்படிக்கா போடுறது?"

எப்சிபா அப்படியே திரும்பி என்னையப் பாத்தா. அப்புறம் நஸ்ரின் பாத்தா. ஒவ்வொருத்தியா எல்லாரும் என்னைய ஒரு பார்வை பாக்குறாளுகம்மா. என்னைய எதுக்குப் பாக்கணும்? போடாம நின்னது நானா? போடு போடுன்னு தொண்டை கிழியச் சொன்னவ நானு. அந்தப் பார்வை தாங்காமத்தான், வேன்ல ஏறி உக்காந்தவ எறங்கி வந்துட்டேன். நீங்க போங்கடின்னு கதவச் சாத்திட்டேன்.

அதுக்கு முன்னால இன்னொண்ணு நடந்துச்சு. அதச் சொல்லவா வேண்டாமான்னு இருக்கு. சரி, உங்களுக்கென்ன, கல்லுப்பட்டியில எறங்கிப் போயிருவீங்க.

பரிசு குடுத்து முடிச்சுட்டு கஸ்தூரி அக்கா எங்கிட்ட வந்தாங்க. ஆறுதல் சொல்ல வர்றாங்கன்னு நெனச்சு எந்திரிச்சேன். என் கையப் பிடிச்சுக்கிட்டு, "வீரா, அந்தச் சின்னப் புள்ள அப்படியே உன்னைய மாதிரிடி"ன்னாங்க. எனக்கு அந்த வருத்தத்துலயும் கொஞ்சம் பெருமையா இருந்துச்சு. ஆமாக்கா, நம்ம காலத்து ஒழுக்கம்க்கான்னேன். அவுங்க இல்லைங்குற மாதிரி தலைய ஆட்டுனாங்க. "முப்பத்தேழு வருஷமா உன்னைய ஒண்ணு கேக்கணும்னு வச்சிருக்கேன். அன்னைக்கு உன் முன்னால ஒரு ஆளு இல்ல. என் மேல ரெண்டு பேரு. போட்டிருந்தா விழுந்திருக்கும், நாம ஜெயிச்சிருப்போம். நீ ஏண்டி போடல?"ன்னு கேட்டாங்க.

யோசிக்கக்கூட இல்ல, வாயில இருந்து தானா வந்துருச்சு. "நீங்க இருக்கும்போது நான் எப்படிக்கா போடுறது?"ன்னேன்.

அக்கா என் கன்னத்துல ஒரு தட்டு தட்டிட்டு கார்ல ஏறிப் போயிட்டாங்க. நான் சொன்னதும் யோகா சொன்னதும் ஒண்ணுங்குறீங்களா? அது எப்படிம்மா ஒண்ணாகும்? நான் மரியாதைக்குச் செஞ்சேன். இவ தைரியம் இல்லாமச் செஞ்சா. பாக்க ஒண்ணா இருக்கலாம். உள்ளுக்குள்ள வேற வேற. கண்டிப்பா வேறதான். இருக்கணும்.

இருங்க, போன் அடிக்குது. எப்சிபாதான். இந்தப் போனு சத்தம் பஸ் பூராம் கேக்கும், தப்பா நெனைக்காதீங்க.

சொல்லு. என்ன? எங்க இருக்கீங்க? பேரையூரா? அங்க என்னடி செய்றீங்க? டீக்கடையா, சரி, குடிங்க. குடிக்கலயா? ஏன்? டிரைவரு மூணு எடத்துல நிப்பாட்டிக் கேட்டாரா? அப்புறம் என்ன? எங்கிட்ட கேக்காம எப்படிக் குடிக்கிறதா? ஏண்டி, காலைல ஒம்பது மணிக்குச் சாப்பிட்ட புள்ளைக, மணி மூணாகப் போகுது, ஒரு வாய் டீ குடிக்கிறதுக்கு எங்கிட்ட கேக்கணுமாடி? உங்களுக்கா ஒரு முடிவு எடுக்கத் தெரியாதா? யாருக்குத் தலை சுத்துது? யோகாவுக்கா?

எப்சிபா, இங்க கேளு. முதல் டீய யோகாவுக்குக் குடு.

ஆமாடி, யோகாவுக்குத்தான். முதல்ல. சீனியருக்கெல்லாம் அப்புறம். நான் சொல்றேன்ல? வழக்கம் எனக்குத் தெரியும்டி, நாந்தான் வச்சேன். குடு அவகிட்ட. நான் லைன்லயே இருக்கேன்.

கேட்டுச்சாம்மா உங்களுக்கு? அந்தச் சின்னக் குரலு, பின்னால? "அக்கா முதல்ல குடிக்கட்டும் மேடம், நான் அப்புறமாக் குடிச்சுக்கிறேன்."

யோகா. யோகா, குடிடி. நான் சொல்றேன், குடி. ஏய்.

வச்சுட்டேன். என்னத்தப் பேசுறது? போடுன்னு சொன்னேன், போடல. குடின்னு சொல்றேன், குடிக்கல. இந்தா, கல்லுப்பட்டி வந்துருச்சு, கூடையப் பாத்து எடுங்க. முப்பத்துமூணு வருஷமா தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன், நான் சொல்றத ஒரு புள்ள கேட்டதில்லம்மா. நீங்க ஏன் என்னைய அப்படிப் பாக்குறீங்க?